கீழ்விளிம்பில் கசிந்த கட்டு: கடலூர் துறைமுகத்து ஆறாப் புண், ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் நோயாளி ஒரே ஆள் இல்லை. கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், புதுச்சேரிக் கடலோரக் குப்பங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரே மாதிரியான காலை ஒருவருடையதாகச் சேர்த்து எழுதியிருக்கிறோம். எடைகளும் அளவுகளும் விளக்கத்துக்கானவை. கணக்குப் போடும் முறையும் தவறுகளும் அப்படியே நடைமுறையில் உள்ளவை.

நோயாளி 54 வயதுப் பெண், மீன் வியாபாரி. அதிகாலை 4 மணி முதல் 11 மணி வரை துறைமுகத்தில் நின்றே வேலை. ஐஸ் கரைந்த தண்ணீர் காலடியிலேயே ஓடும். வலது காலில் உள்கணுக்காலுக்குச் சற்று மேலே ஏழு மாதமாக ஆறாத புண். மீன்பிடித் தடைக்காலத்தின் முதல் வாரத்தில் வந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கரையில் நிற்கும். வரத்து குறைவதால் அவருக்கும் வேலை இல்லை. காலை நீட்டி உட்கார முடிகிற இரண்டு மாதம் அது. மருந்தை விட அதற்கு மதிப்பு அதிகம்.

அவருடைய குறை வலி இல்லை. "தண்ணி வடியுதும்மா, நிக்கவே மாட்டேங்குது. புடவை ஓரமெல்லாம் நனைஞ்சு நாறுது. காத்தாட விட்டா காஞ்சிடும்னு சொன்னாங்க, விட்டுப் பாத்தேன், இன்னும் எரியுது." அதுவரை தினமும் அயோடின் களிம்பு, இரண்டு காஸ் துணி, மேலே பஞ்சு, நான்கு பக்கமும் பிளாஸ்டர். இடையில் கடையில் வாங்கிய, நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கலந்த பவுடர், ஒரு வாரம் மஞ்சள்தூள்.

பார்த்தவை

புண் 5.2 செ.மீ நீளம், 4.1 செ.மீ அகலம், ஆழமில்லை. அடியில் மஞ்சள் படலமும் சிவப்புச் சதையும் கலந்து இருந்தன. நீள அகலப் பெருக்கம் 21 ச.செ.மீ. உண்மையான பரப்பு இதைவிடக் குறைவுதான், ஆனால் வாரத்துக்கு வாரம் ஒப்பிட இது போதும். கெண்டைக்காலில் புடைத்து நெளிந்த சிரைகள், கணுக்காலைச் சுற்றிப் பழுப்பேறிய கெட்டித் தோல், மாலையில் கூடும் வீக்கம். கணுக்கால் சுற்றளவு 24 செ.மீ. ரத்த ஓட்டத்தை ஒலியலையால் கேட்கும் டாப்ளர் கருவியில் பார்த்த கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்தால் 0.98. சர்க்கரை இல்லை. தமனி நன்றாக ஓடுகிறது, சிரை வால்வுதான் பழுது.

கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் வீங்கி நீர் வடியும் காலைப் பார்த்தால் யானைக்காலையும் நினைக்கத்தான் வேண்டும். புதுச்சேரியில் 1975-இல் கொசுவழி நோய்களுக்கான மத்திய ஆய்வு மையம் அமைந்த ஊர்ப்பக்கம் இது. இரண்டாம் கால்விரலின் அடியில் தோலை இரு விரலால் கிள்ளித் தூக்கிப் பார்ப்பது எளிய சோதனை. தூக்க வராவிட்டால் நிணநீர் வீக்கம் இருக்கிறது என்று பொருள். இவருக்குத் தூக்க வந்தது.

புண்ணை விடக் கவனிக்க வேண்டியது சுற்றுத்தோல். புண் விளிம்பிலிருந்து மேலே ஒரு செ.மீ, கீழே குதிகால் பக்கமாக மூன்று செ.மீ வரை தோல் வெளுத்து, வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் நுனி மாதிரி சுருங்கியிருந்தது. பிளாஸ்டர் ஒட்டிய இடங்களில் மேல்தோல் கோடு கோடாக உரிந்திருந்தது. மேலே ஒன்று, கீழே மூன்று என்ற இந்த வேறுபாட்டிலேயே பாதி விடை இருக்கிறது. நீரைக் கட்டு உள்ளே உறிஞ்சிக்கொள்ளவில்லை. கட்டுக்கும் தோலுக்கும் நடுவே கீழ்நோக்கி ஓடியிருக்கிறது.

கசிநீர் ஏன் தோலைத் தின்கிறது

புண்ணில் ஈரம் இருப்பது கெடுதல் இல்லை. 1962-இல் ஜார்ஜ் விண்டர் பன்றித் தோலில் செய்து காட்டியதே, மூடி ஈரமாக வைத்த காயத்தில் மேல்தோல் விரைவாகப் படர்கிறது என்பதைத்தான். காற்றாட விட்டுப் பொருக்குக் கட்ட வைக்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. ஆனால் புதுக் காயத்து நீரும் மாதக்கணக்கில் ஆறாத புண்ணின் நீரும் ஒன்றல்ல. பின்னதில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் மிகுந்திருக்கும். புதிதாக முளைக்கும் திசுவையும் அவை அரிக்கும், வெளியே வழிந்தால் தோலையும் அரிக்கும். நல்ல தோல் சற்றே அமிலத்தன்மை உள்ளது, கசிநீரோ காரப்பக்கம். ஊறி உப்பிய மேல்தோலில் காரநீர், அதன்மேல் உராய்வு, அதன்மேல் தினம் பிளாஸ்டர் உரிப்பு என்று அடுக்கினால் புண் கீழ்ப்பக்கமாகவே வளரும்.

நீரை எடை போடுதல்

"நிறைய வடியுது", "கொஞ்சம் வடியுது" என்று எழுதுவதில் பயனில்லை. சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று போதும். புதுக் கட்டின் உலர் எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். 24 மணி நேரம் கழித்துக் கழற்றியதும் பிளாஸ்டிக் பையில் போட்டு நிறுத்தி, பை எடையையும் உலர் எடையையும் கழிக்க வேண்டும். ஒரு கிராம் ஏறத்தாழ ஒரு மி.லி. இவருக்கு உலர் எடை 30 கிராம், நனைந்தபின் 58. புடவையில் போனதும் ஆவியாகப் போனதும் கணக்கில் வராததால், நாளொன்றுக்குக் குறைந்தது 28 கிராம். 21 ச.செ.மீ புண்ணுக்கு இது அதிகம்.

இந்த நீருக்குப் போக மூன்று வழிதான்: கட்டுக்குள் பிடிபட வேண்டும், கட்டின் முதுகு வழியாக ஆவியாக வேண்டும், அல்லது காலிலிருந்து வெளியே வராமலே உடம்புக்குள் திரும்ப வேண்டும். மூன்றும் அடைபட்டால் நான்காவது வழியைத் தானே கண்டுபிடிக்கும். அது பக்கவாட்டில், தோல் மேல்.

முதல் கட்டு, முதல் தவறு

முதல் நாள் ஆல்ஜினேட் தாள் வைத்து, மேலே ஒட்டும் விளிம்புள்ள 10 × 10 செ.மீ ஃபோம் (ஸ்பஞ்சு மாதிரியான கட்டு) போடப்பட்டது. காலை இறுக்கிச் சுற்றும் பேண்டேஜ் பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டது. இரண்டு நாள் தாங்கும் என்ற கணிப்பு 20 மணி நேரத்திலேயே பொய்த்தது. கீழ்விளிம்பு கிளம்பி, நீர் குதிகாலுக்கு ஓடியிருந்தது. வெளுத்த தோல் மூன்றிலிருந்து நான்கு செ.மீ ஆகிவிட்டது. ஒரே கட்டில் நான்கு பிழை.

ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்து வரும் நார். அதிலுள்ள கால்சியம் புண்நீரின் சோடியத்தோடு இடம் மாறி நார் ஜெல்லாகிறது. ஆனால் நீரை இது பக்கவாட்டிலும் கடத்தும். சதுரமாக வெட்டிப் புண்ணைத் தாண்டி வைத்தால் திரி மாதிரி நீரை நல்ல தோலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். புண் வடிவத்துக்கே கத்தரிக்க வேண்டும். கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸால் ஆன ஜெல் நார்க் கட்டு பெரும்பாலும் நேர் மேலாகவே உறிஞ்சும் என்பதால் அதை ஒரு செ.மீ தாண்டி வைக்கலாம், வைக்கவும் வேண்டும். பார்வைக்கு இரண்டும் வெள்ளைப் பஞ்சுத் தாள்; பாக்கெட்டைப் படிக்காமல் பிரித்தால் மாறிப்போகும்.

இரண்டாவது, 10 × 10 என்பது ஒட்டும் விளிம்பையும் சேர்த்த அளவு. உள்ளே உறிஞ்சும் பகுதி ஏறத்தாழ 7 × 7. புண்ணின் நீளவாட்டில் பக்கத்துக்கு ஒரு செ.மீ கூட மிஞ்சவில்லை. குறைந்தது 2 செ.மீ வேண்டும். நிற்கிற காலில் அதுவும் போதாது: மேலே 2 விட்டால் கீழே 5 விட வேண்டும். கட்டைப் புண்ணின் நடுவில் வைக்கும் கைப்பழக்கம் படுத்திருக்கும் நோயாளிக்குச் சரி. நடமாடுகிறவருக்குப் புண் கட்டின் மேல் பாதியில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, சுற்றுத்தோலைக் காக்க என்று ஜிங்க் ஆக்சைடு களிம்பு தடித்துப் பூசி, அதன்மேல் ஒட்டும் விளிம்பைப் பதித்தது. களிம்பில் பசை ஒட்டாது. போதாததற்குக் களிம்பு ஃபோமின் துளைகளையும் அடைக்கும்.

நான்காவது பிழை பாக்கெட்டில் அச்சிட்ட எண்ணை நம்பியது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோரத்தில் இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

அச்சிட்ட எண்ணும் கடலூர்க் காற்றும்

ஒரு கட்டு கையாளும் மொத்த நீர் என்பது பிடித்து வைப்பதும் ஆவியாக விடுவதும் சேர்ந்த தொகை. 10 ச.செ.மீ-க்கு நாளுக்கு 12 கிராம் என்று போட்டிருந்தால், அதில் 5 பிடிப்பதாகவும் 7 ஆவியாவதாகவும் இருக்கலாம். ஐரோப்பியத் தர முறையில் இந்தச் சோதனை 37 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே உள்ள உலர்ந்த பெட்டிக்குள் நடக்கிறது. சோதனைத் திரவமும் சோடியம், கால்சியம் உப்புகள் மட்டும் கரைந்த நீர். புரதமோ பிசுபிசுப்போ இல்லை.

ஆவியாதலைத் தள்ளுவது உள்ளே, வெளியே உள்ள நீராவி அழுத்தங்களின் வேறுபாடு. சோதனைப் பெட்டியில் உள்ளே சுமார் 6.3, வெளியே 1.3 கிலோபாஸ்கல், வேறுபாடு 5. கடலூரில் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில், தோலின் வெப்பம் 33 டிகிரி என்று கொண்டால் உள்ளே 5, வெளியே 3.4, வேறுபாடு 1.6 தான். அதாவது தள்ளுவிசை மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. மேலே சொன்ன 7 கிராம் இரண்டேகால் ஆகும். அதன்மேல் பேண்டேஜும் புடவையும் மூடினால் இன்னும் குறையும். 12 கிராம் கட்டு இங்கே 7 கிராம் கட்டுதான். இது தோராயக் கணக்கு, ஆனால் திசை தவறாது. ஏசி வார்டில் மூன்று நாள் தாங்கிய கட்டு வீட்டுக்குப் போன மறுநாளே ஒழுகுவதற்கு நோயாளியைக் குறை சொல்லும்முன் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்கலாம். ஆவி வழியை நம்ப முடியாத ஊரில், கட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பிடித்து வைக்கும் எண்ணை மட்டும் பார்ப்பதே பாதுகாப்பு. பிளாஸ்டிக் தாளால் மூடுவது இன்னும் மோசம். புண்ணில்லாத தோலே ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 200 கிராம் அளவில் நீராவி விடுகிறது. அதுவும் உள்ளே தேங்கும்.

மூன்றாம் நாள் மாற்றியமைத்த முறை

கொதித்து ஆறிய நீரால் புண்ணையும் காலையும் கழுவி, விரலிடுக்கு உட்பட ஒற்றி உலர்த்தினோம். தேய்க்கவில்லை. பழைய ஜிங்க் களிம்பைச் சுரண்டாமல் லிக்விட் பாரஃபினில் நனைத்த பஞ்சால் வழித்து எடுத்தோம். புண்ணைச் சுற்றி 4 செ.மீ, கீழே 6 செ.மீ தோல்காப்புப் படலத் திரவம் தடவி, கை வைத்தால் ஒட்டாத அளவு உலர விட்டோம். அது உலருமுன் மேலே எதை வைத்தாலும் வீண். புண் மேல் ஜெல் நார்க் கட்டு, ஒரு செ.மீ தாண்டி. அதன்மேல் ஒட்டாத விளிம்புள்ள 20 × 10 செ.மீ மிகையுறிஞ்சி பேட், நெடுக்குவாட்டில், மூன்றில் இரண்டு பங்கு புண்ணுக்குக் கீழே வருமாறு. பிளாஸ்டர் எங்கும் இல்லை. பேட்டைப் பிடிப்பது பேண்டேஜ்தான்.

மிகையுறிஞ்சி பேட்டில் இருப்பது சோடியம் பாலிஅக்ரிலேட் குருணை. தூய நீரை எடையில் நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும், உப்புநீரில் முப்பது நாற்பது மடங்குக்கு வந்துவிடும். புண்நீர் உப்புநீர். இருந்தாலும் இங்கே ஃபோமை விட்டு இதற்கு வந்ததற்குக் காரணம் கொள்ளளவு மட்டுமில்லை. நீர் குடித்த ஃபோமை இறுக்கினால் ஸ்பஞ்சைப் பிழிந்த மாதிரி விளிம்பு வழியே விட்டுவிடும். குருணை ஜெல்லானபின் எளிதில் விடாது. இறுக்குப் பேண்டேஜுக்கு அடியில் இதுதான் தேவை.

பேண்டேஜ் இந்தச் சிகிச்சையின் முதுகெலும்பு. நீர் உடம்புக்குள் திரும்பும் அந்த மூன்றாவது வழியைத் திறப்பது அதுதான். கணுக்காலில் 40 மி.மீ பாதரசம் அளவு அழுத்தம். டாப்ளரில் பார்த்த கணுக்கால்-கை அழுத்த விகிதம் 0.8-க்குக் குறைந்தால் இந்த முழு அழுத்தம் கூடாது, 0.5-க்குக் கீழே அழுத்தமே கூடாது. சர்க்கரைக்காரருக்குத் தமனி சுண்ணமேறி 1.3-க்கு மேல் பொய்யாகக் காட்டும், அப்போது கால்விரல் அழுத்தம் பார்க்க வேண்டும். டாப்ளர் பார்க்காமல் இறுக்கிக் கட்டி விரல் கறுத்துப்போவதை விட, கட்டாமல் விடுவது மேல்.

பாதம் கணுக்காலோடு செங்குத்தாக இருக்க, முதலில் பஞ்சு உருளையால் முன் எலும்பு விளிம்பையும் கணுக்கால் முட்டின் பின்னுள்ள குழியையும் நிரப்பி, பிறகு 10 செ.மீ அகலக் குறுநீட்சி (அதிகம் இழுபடாத) பேண்டேஜ், விரல் அடியிலிருந்து முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே வரை, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூட, ஒரே இழுப்பில். பேட் நீர் குடித்துத் தடிக்கும் என்பதால் அதன் ஓரங்களில் பஞ்சுச் சரிவு கொடுக்காவிட்டால் மறுநாள் தோலில் சதுரத் தழும்பு விழும்.

அதன்பின் மாற்றும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்லவில்லை. ஈரம் பேட் ஓரத்துக்கு இரண்டு செ.மீ வரை வந்தால் மாற்று, வெளித்துணி நனைந்தால் உடனே மாற்று என்றே சொன்னோம். வெளித்துணி நனைவது கிருமி உள்ளே வர வழி திறப்பது. முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்ற வேண்டியிருந்தது. பத்தாம் நாள் கசிவின் எடை நாளுக்கு 12 கிராம். குறைத்தது பேட் இல்லை. பேண்டேஜும் இதய மட்டத்துக்கு மேல் தூக்கி வைத்த காலும்.

வீட்டில் வெட்டிய பேட்

பதிமூன்றாம் நாள் புண் முழுக்கக் கண்ணாடிப் பொடி மாதிரி வழவழப்பான குருணை. பேட் விலை அதிகம் என்று மகள் பாதியாக வெட்டி இரண்டு தடவைக்கு வைத்திருந்தார். வெட்டிய வாய் வழியே ஜெல் புண்ணில் கொட்டிவிட்டது. ஃபோமை வெட்டலாம், ஜெல் நாரை வெட்டலாம், மிகையுறிஞ்சி பேட்டை வெட்டவே கூடாது. இதை முதல் நாளே சொல்லாதது நம் பக்கத் தவறு. கழுவியே எடுக்க வேண்டியிருந்தது, இருபது நிமிடம் ஆனது.

செலவு நியாயமான கவலை. வழி உண்டு: புண்ணைத் தொடும் அடுக்கு மட்டும் கிருமி நீக்கியதாக, ஒட்டாததாக இருந்தால், அதன்மேல் இரண்டாம் அடுக்காகக் கடையில் கிடைக்கும் பெரியவர்களுக்கான டயப்பரோ நாப்கினோ வைக்கலாம். உள்ளே இருப்பதும் அதே வகைக் குருணைதான். நிபந்தனைகள் மூன்று: வெட்டாமல் முழுதாக வைக்க வேண்டும், பசைப் பட்டை தோலில் படக் கூடாது, மணமூட்டியது கூடாது. முதுகுத்தாள் ஆவி விடாத பிளாஸ்டிக்காக இருந்தால் தினம் மாற்ற வேண்டும். வாழையிலைக் கட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். தீக்காயத்திலும் தோல் எடுத்த இடத்திலும் ஒட்டாமல் உரிவதற்கு அது நல்லது, ஆனால் ஒரு துளியும் உறிஞ்சாது. வடியும் காலுக்கு உதவாது.

பச்சை நீர்

பதினாறாம் நாள் பேட்டில் பச்சைக் கறை, இனிப்பேறிய நாற்றம். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. காய்ச்சலோ பரவும் சிவப்போ இல்லாததால் மாத்திரை கொடுக்கவில்லை. ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த காஸை, கட்டு மாற்றும்போது பத்து நிமிடம் புண்மேல் வைத்து எடுத்தோம். 4 சதவீத வினிகர் ஒரு பங்குக்குக் கொதித்து ஆறிய நீர் மூன்று பங்கு. எரியும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். எட்டு நாளில் பச்சை போனது. அந்த நாட்களில் கட்டைத் தினம் மாற்றினோம்.

கெண்டைக்காலின் வெளிப்பக்கம் நீர் படாத இடத்திலும் கோடு போட்ட மாதிரி சிவந்து அரித்தது. ஊறிய தோல் வெள்ளையாக இருக்கும். ஒவ்வாமை சிவந்து, பட்ட பொருளின் வடிவத்தையே வரைந்து காட்டும். கிருமி பரவினால் சூடும் வலியும் இருக்கும். பழைய நியோமைசின் பவுடர் போன இடம்தான் அது. ஆறாப் புண்காரர்களுக்கு நியோமைசின் ஒவ்வாமை அடிக்கடி வரும். நிறுத்தி, ஒரு வாரம் ஸ்டீராய்டு களிம்பு, சரியானது.

குறைந்த நீருக்கு அதிகக் கட்டு

நான்காம் வார முடிவில் நீள அகலப் பெருக்கம் 12.5 ச.செ.மீ, நான்கு வாரத்தில் நாற்பது சதவீதம் சுருங்கினால் ஆறும் பாதையில் இருக்கிறது என்று கொள்ளலாம். ஆறாம் வாரம் கசிவு நாளுக்கு 5 கிராம். அப்போதும் பழைய பேட்டையே போட்டோம். கழற்றும்போது நார் புண்ணில் காய்ந்து ஒட்டி, பிடுங்கியதும் ரத்தம். வடிகிறபோது உதவிய கட்டு வடிவது குறைந்ததும் புதுத்தோலை உரிக்கிறது. அன்றே ஒட்டாத சிலிக்கோன் முகமுள்ள ஃபோமுக்கு மாறி, வாரம் இரு முறையாக்கினோம். கசிவின் எடை பாதியாகும் ஒவ்வொரு தடவையும் கட்டு வகையைத் திரும்பப் பார்ப்பது நல்லது. எட்டாம் வாரம் 5 ச.செ.மீ.

ஜூன் 15

தடை முடிந்ததும் துறைமுகத்துக்குப் போய்விட்டார். தடுக்க முடியாது, இரண்டு மாதக் கடன் இருக்கிறது. மூன்றே நாளில் கசிவு 4-லிருந்து 11 கிராம், கீழ்விளிம்பு மறுபடி வெள்ளை. கம் பூட்ஸ் சிபாரிசு செய்யவில்லை. ஐஸ் தண்ணீர் மேலே இருந்து உள்ளே போனால் வெளியே வராது, வியர்வையும் சேரும். பதிலாக மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் நிற்பது, வேலை நேரத்துக்கு மட்டும் பேண்டேஜ் மேல் பிளாஸ்டிக் உறை, வந்ததும் கழற்றுவது, அரை மணிக்கு ஒரு முறை பத்துத் தடவை குதிகாலைத் தூக்கி இறக்குவது. பேண்டேஜ் படுக்கையிலிருந்து கால் இறங்குமுன் கட்டியாக வேண்டும், வீங்கியபின் கட்டினால் வீக்கத்தையே பிடித்து வைக்கும். வேலை நாளுக்கு மிகையுறிஞ்சி பேட், விடுமுறை நாளுக்கு ஃபோம் என்று இரண்டும் வீட்டில் இருந்தன. பத்தாம் வாரம் 5.2 ச.செ.மீ, அதாவது இரண்டு வாரம் வீண். அதன்பின் சுருங்கத் தொடங்கி பதினேழாம் வாரம் மூடியது. மூன்று மாதத்துக்கு மேல் நகராமல், விளிம்பு தடித்துச் சுருண்டிருந்தால் சதைத்துணுக்கு எடுத்துப் புற்று இல்லை என்று உறுதி செய்திருப்போம்.

சிரைப் பழுதுக்கு அறுவைப் பிரிவுக்கு அனுப்பியது தாமதம். 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், பழுதான மேல்சிரையை ஆரம்பத்திலேயே அடைத்தவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது, தள்ளிப்போட்டவர்களில் பாதிப் பேருக்கு 82 நாளில். முதல் வாரமே அனுப்பியிருக்கலாம்.

இப்போது முழங்கால் வரை இரண்டாம் அழுத்த வகுப்பு ஸ்டாக்கிங் (காலை இறுக்கும் காலுறை), இரண்டு ஜோடி. வடகிழக்குப் பருவமழையில் ஒன்று காய இரண்டு நாள் ஆகும். ஈரமானதையே போட்டால் மறுபடி தோல் ஊறும். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், மாற்ற வேண்டும். ஆறிய தழும்பின் கீழ்ப்பக்கத் தோலை வாரம் ஒரு முறை பகல் வெளிச்சத்தில் பார்க்க மகளுக்குச் சொல்லியிருக்கிறது.